மலைச்சரிவும் மனிதக் கைகளும்

பெருந்திரளான மக்கள் கொல்லப்படும்போது கிறிஸ்தவர் என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்னும் வினா நம் மறையுரைகளிலும் இதழ்களிலும் மீண்டும் மீண்டும் எழுகின்றது. பெரும்பாலும் அதற்குத் தரப்படும் விடை ஒன்றே: மன்னிப்போம், மறப்போம். இவ்விரு சொற்களும் மோனையால் பிணைந்து நிற்கின்றன. ஓசையால் பிணைந்தவை பொருளாலும் பிணைந்தவை என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். மன்னித்தவர் மறந்துவிட்டிருக்க வேண்டும் என்றும், மறக்காதவர் இன்னும் மன்னிக்கவில்லை என்றும் தீர்ப்பிடுகிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3 அன்று அசிசி நகரில், புனித பிரான்சிசின் கல்லறையருகே கையெழுத்திட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் சுற்றுமடல் இந்தப் பிணைப்பை அவிழ்த்துக் காட்டுகின்றது. அதன் எட்டு அதிகாரங்களுள் ஏழாவது, பகைமைக்குப் பின் மனிதர் மீண்டும் சந்திக்கும் வழிகளைப் பற்றியது. நம் நாட்டில் இச்சுற்றுமடல் பெரிதும் சமய நல்லிணக்க ஆவணமாகவே வாசிக்கப்பட்டது. கொலைக்களத்திலிருந்து மீண்டவரிடம் பேசும் மடலாக அதை வாசித்தவர் குறைவு. அவ்வாறு வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த வாசிப்புக்கு நீலகிரியின் அவலாஞ்சியை நிலைக்களனாகக் கொள்வதற்குத் தக்க காரணமும் உண்டு.

ஓர் ஊர்ப்பெயர் தரும் பாடம்

உதகையிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், சோலைக் காடுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் நடுவே உள்ளது அவலாஞ்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஏற்பட்ட பெரும் சரிவே ஊருக்குப் பெயராயிற்று. சரிவைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் தமிழ் நாவில் புழங்கி அவலாஞ்சி ஆனது. தமிழ்ச் செவிக்கோ அதில் ‘அவலம்’ என்னும் சொல்லும் சேர்ந்தே ஒலிக்கும்.

2019 ஆகஸ்டில் இவ்வூரில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. மண் சரிந்தது; சாலைகள் துண்டிக்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2009 நவம்பரில், நீலகிரியின் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு ஆண்டுகளையும் நம் கடலுக்கு அப்பாலுள்ள தமிழரும் மறக்க இயலாது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. எண்ணற்ற பொதுமக்கள் அதில் மடிந்தனர். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

ஒரே ஆண்டில் மலைச்சரிவும் படுகொலையும் நிகழ்ந்தன. இரண்டுக்கும் நாம் பயன்படுத்திய சொற்களை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சுகின்றது. ‘துயர நிகழ்வு’, ‘பேரிழப்பு’, ‘சோதனைக் காலம்’, ‘உயிர்கள் பலியாயின’ என்னும் அதே சொற்கள் இரண்டுக்கும் வந்தன. மழைக்குப் பொருந்தும் மொழியையே குண்டுக்கும் பொருத்துகிறோம். அம்மொழியில் எழுவாய் இல்லை. உயிர்கள் தாமே பலியாகின்றன. வீடுகள் தாமே எரிகின்றன. கலவரம் தானே வெடிக்கின்றது. ஆனால் மலைச்சரிவுக்குக் கைகள் இல்லை, படுகொலைக்கு உண்டு. அக்கைகளை மறைத்துவிட்டுப் பேசப்படும் இரக்கம், பாதிக்கப்பட்டவரின் செவியில் இரக்கமாக விழுவதில்லை.

சுற்றுமடல் சொல்வது

ஏழாம் அதிகாரம் மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் உண்மையைப் பற்றிப் பேசுகின்றது. இந்த வரிசை தற்செயலானது அன்று. உண்மை, நீதி, இரக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிரியாதவை என்று 227-ஆம் பத்தி நிறுவுகின்றது. நிகழ்ந்தது இன்னதென்று சொல்லப்படாத இடத்தில் அமைதி வேர்கொள்ளாது என்பதே அதன் அடிப்படை.

241-ஆம் பத்தி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. எல்லாரையும் அன்பு செய்யும் கடமை நமக்கு உண்டு. ஒடுக்குபவரும் அதில் அடங்குவார். ஆயினும் அவரை அன்பு செய்வது என்பது, அவர் தொடர்ந்து ஒடுக்குவதற்கு இடம் தருவதன்று. தன் மாண்பையும் உரிமையையும் காக்க ஒருவர் நீதி கேட்பது மன்னிப்புக்கு எதிரானதும் அன்று. 246-ஆம் பத்தியே நம் மறையுரையாளர்கள் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டியது. கொடுந்துன்பம் அனுபவித்தவர்களிடம் சமூகத்தின் பெயரால் மன்னிப்பை எவரும் கட்டாயமாகக் கோர முடியாது என்று அது கூறுகின்றது. மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தில், இறையருளால் பிறப்பது. அதைப் பிறர் அவர் சார்பில் வழங்கிவிட இயலாது. 250-ஆம் பத்தி, மன்னித்தல் மறத்தல் ஆகாது என்று தெளிவாகவே சொல்லிவிடுகின்றது.

இவை புதுமையான கருத்துகள் அல்ல. விவிலியத்தின் உள்ளிருந்தே எழுபவை. தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்தில், முதல் கொலைக்குப் பின் ஆண்டவர் காயினிடம் அவன் சகோதரன் எங்கே என்று வினவுகிறார். கொலையுண்டவனின் பெயர் அவ்வினாவில் உள்ளது. மண்ணிலிருந்து எழும் இரத்தத்தின் குரலும் கேட்கப்படுகின்றது. தண்டனையும் அறிவிக்கப்படுகின்றது. அதன் பின்னரே, எவனும் காயினைக் கொல்லாதபடி ஆண்டவர் அவன்மீது அடையாளம் இடுகிறார். குற்றம் பெயர் சொல்லிச் சுட்டப்படுகின்றது. ஆயினும் குற்றவாளியின் உயிர் பழிவாங்கலுக்கு விடப்படுவதில்லை. பெருங்கொடுமைக்குக் கிறிஸ்தவர் காட்ட வேண்டிய இரக்கத்தின் முழு இலக்கணமும் இச்சிறு பகுதியில் அடங்கியுள்ளது என்றே நாம் கருதுகிறோம்.

சிலுவைக் காட்சியையும் இவ்வாறே கூர்ந்து நோக்க வேண்டும். தம்மைக் கொல்பவருக்காகத் தந்தையிடம் மன்னிப்பு வேண்டியவர் அவர்களால் அறையப்பட்ட இயேசுவே. தம் இருபுறமும் தொங்கியவர்களை நோக்கி, நீங்களும் மன்னியுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை. உயிர்த்தபின் சீடர்களுக்கு அமைதியை வாழ்த்தாகக் கூறும்போது, தம் கைகளின் காயங்களை மறைக்கவும் இல்லை. யோவான் நற்செய்தியில் அமைதியும் தழும்பும் ஒரே காட்சியில் நிற்கின்றன.

சுற்றுமடல் விட்டுச்செல்லும் இடைவெளி

இத்தனை சிறப்புகள் இருந்தும் சுற்றுமடலில் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. ஏழாம் அதிகாரம் பெரிதும் இருவரை நோக்கியே பேசுகின்றது: ஒருவர் துன்புற்றவர், மற்றவர் துன்புறுத்தியவர். ஆனால் பெருங்கொடுமைகளில் மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவர் எவரையும் அடிக்கவில்லை. அடித்தவர் அவருடைய இனத்தவர், மொழியினர், சமயத்தவர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1983 ஜூலையில் கொழும்பின் தெருக்களில் தமிழர் வீடுகளைத் தேடி அலைந்தவர்கள் சிலரே. கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பலர். தம் உயிரைப் பொருட்படுத்தாமல் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்த சிங்களரும் இருந்தனர் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். கொடுமையின் நடுவே மாண்பு குன்றாது நின்றவர்களையும் நினைவில் வைக்கச் சுற்றுமடலே நம்மை அழைக்கின்றது.

இந்த மூன்றாமவரைத் திருத்தந்தை அறியாதவர் அல்லர். நல்ல சமாரியர் உவமையை விரித்துரைக்கும் இரண்டாம் அதிகாரத்தின் 75-ஆம் பத்தியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோகிறவர்கள் கள்வர்களுக்கு மறைமுகத் துணைவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்று எழுதுகிறார். கூர்மையான கருத்து அது. ஆனால் அது ஏழாம் அதிகாரத்துக்கு வந்து சேரவில்லை. மன்னிப்பைப் பற்றிய பகுதியில், கடந்துபோனவர் எங்கே கணக்குக் கொடுப்பார் என்னும் வினா எழுப்பப்படவில்லை. இரு அதிகாரங்களையும் ஒருசேர வாசித்தாலன்றி முழுப் பொருள் கிட்டாது. வாசகர் செய்ய வேண்டிய அந்தப் பணியைச் சுற்றுமடல் தானே செய்திருக்கலாம்.

இரண்டாவது குறை பட்டியலைச் சார்ந்தது. மறக்கக் கூடாதவை என்று யூத இனப்படுகொலையும், இரோசிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. சிறிய இனங்களின் காயங்கள் பொதுச்சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. உலகத் திருச்சபைக்கு எழுதப்படும் மடலில் இது தவிர்க்க இயலாததே. எனவே பெயர்களை நிரப்பும் கடமை உள்ளூர்த் திருச்சபையைச் சேர்கின்றது.

ஈழத்து உரைகல்

இக்கருத்துகளை உரைத்துப் பார்க்க இலங்கைத் திருச்சபையினும் பொருத்தமான உரைகல் இல்லை. சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே பலிபீடத்தைச் சூழ நிற்கும் திருச்சபை அது.

2019 குண்டுவெடிப்புகளுக்குப் பின் கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் இரஞ்சித், பழிவாங்கலில் இறங்க வேண்டாம் என்று தம் மக்களை வேண்டினார். மே மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது மீண்டும் அமைதி காக்கக் கோரினார். அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். ஆனால் அதே கர்தினால் தொடர்ந்த ஆண்டுகளில், தாக்குதலின் பின்னணியில் இருந்தோர் யார் என்னும் உண்மையை வெளிக்கொணருமாறு அரசுகளை விடாது வற்புறுத்தினார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கை கிடைத்தும் மக்களைக் காக்கத் தவறியதற்காக, முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மன்னித்தபின் நீதி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மன்னிப்பையும் மறதியையும் ஒன்றெனக் கொண்டதால் எழும் கேள்வி இது. பழிவாங்க மறுப்பதும் உண்மையைக் கோருவதும் காயின் வரலாற்றில் ஒருங்கே நிற்பதைக் கண்டோம். அவ்வகையில் கர்தினாலின் நடைமுறை சுற்றுமடலுக்கு நல்ல உரையாக அமைகின்றது. ஆயினும், தாக்குதலில் மாண்டோரின் குடும்பங்கள் அனைத்தும் மன்னித்துவிட்டன என்று ஓர் ஆயர் அவர்கள் எல்லாருக்குமாகச் சொல்ல இயலுமா என்னும் வினா 246-ஆம் பத்தியின் ஒளியில் எஞ்சியே நிற்கின்றது.

அதனினும் கனமான வினா வேறொன்று. கட்டுவாப்பிட்டியவில் மாண்டோருக்குக் கேட்கப்படும் உண்மை, நவாலியில் மாண்டோருக்கும் அதே குரலில் கேட்கப்படுகின்றதா? 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்து 120-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களும் ஆலய நிழலை நம்பி வந்தவர்களே.

இந்த வினாவை வாழ்வாலேயே எழுப்பியவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2011 ஜனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். போரின் இறுதிக் கட்டத்துக்கு முன் வன்னியில் இருந்ததாக அரசு அலுவலகங்களே பதிவு செய்த மக்கள்தொகையிலிருந்து, அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோரின் எண்ணிக்கையைக் கழித்தார். 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை. அவர்கள் என்னவானார்கள் என்று கேட்டார். அந்த எண்ணிக்கையைப் பலர் மறுத்தனர். ஆனால் ஆயர் கேட்டது பழியை அன்று, கணக்கை. தன் மந்தையை எண்ணிப் பார்த்து, காணாததைத் தேடும் ஆயனின் செயல் அது. எண்ணுதலும் இரக்கமே என்பதை நற்செய்தியின் நூறு ஆடுகள் உவமை நமக்கு முன்னரே கற்பித்திருக்கின்றது. ஆயர் 2021 ஏப்ரல் 1 அன்று இறைவனடி சேர்ந்தார். அவர் கேட்ட கணக்கு கொடுக்கப்படாமலேயே இருக்கின்றது.

நம் பக்கத்துக் கைகள்

இதுவரை சொன்னவை தமிழ் வாசகருக்கு இனிதாகவே இருந்திருக்கும். கைகள் பிறருடையவையாக இருக்கும்வரை பெயர் சொல்வது எளிது. 1985 மே 14 அன்று அநுராதபுரத்தில், பேருந்து நிலையத்திலும் புனித வெள்ளரச மரத்தடியிலும் சிங்களப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது சில மணி நேர அவகாசமே. தலைமுறைகளாகத் தமிழையே பேசி, தமிழரோடு அண்டை வீடுகளில் வாழ்ந்தவர்கள், கையில் அள்ளியதோடு புறப்பட்டனர். அன்று அவர்கள் வீட்டு வாசலைக் கடந்துபோன மூன்றாமவர் யார்? நம் மொழியினர், நம் திருச்சபையினரும் அவர்களுள் இருந்தனர்.

தமிழ்நாட்டின் கத்தோலிக்க மேடைகளில் ஈழத் தமிழரின் துயரம் பேசப்படும் அளவுக்கு இவ்வெளியேற்றம் பேசப்படுவதில்லை. இதைச் சொன்னால் தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமை சிறிதாகிவிடும் என்னும் அச்சமே காரணம். ஆனால் ஒரு காயத்தின் உண்மை மற்றொன்றின் உண்மையை அழிப்பதில்லை. தன் பக்கத்துக் கைகளையும் பெயர் சொல்லிச் சுட்டக்கூடியவரின் நீதிக் குரலே எதிர்த்தரப்பின் மனச்சான்றை எட்டும். இரக்கத்துக்கு இங்கே விலை உண்டு. நம்மவரின் மதிப்பை ஓரளவு இழக்க நேரிடலாம். விலையில்லாத இரக்கத்தைப் பற்றி நற்செய்தியில் நாம் வாசிப்பதில்லை.

மீண்டும் மலைக்கு

நீலகிரியின் தேயிலைச் சரிவுகளில் வாழும் ‘தாயகம் திரும்பியோர்’ இவ்வரலாற்றின் ஒரு பகுதியினர். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1974-இல் எஞ்சிய 1,50,000 பேரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். உடன்படிக்கையால் வந்தவர்களோடு, 1977-இலும் 1983-இலும் மலையகத் தோட்டங்களிலும் நகரங்களிலும் நடந்த தாக்குதல்களுக்கு அஞ்சிப் புறப்பட்டவர்களும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். 1984-இல் கப்பல் நின்றது.

தமிழ்நாடு அரசு இம்மக்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதுவே ‘டான்டீ’ என்னும் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் அவர்களே. இது மெய்யான இரக்கச் செயல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2022-இல் கழகத்தின் நிலத்தில் 2,000 எக்டேருக்கும் மேற்பட்ட பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க ஆணை பிறந்தபோது, தோட்ட வீடுகளில் வாழ்ந்தோர் மீண்டும் எங்கே போவது என்று திகைத்தனர்.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். சாவடிக்குக் கொண்டு சென்றார். இரண்டு தெனாரியம் கொடுத்தார். அத்துடன், திரும்பி வரும்போது மேலும் ஆகும் செலவைத் தருவேன் என்றும் உறுதி கூறினார். திரும்பி வருவேன் என்னும் அச்சொல்லே அவரது இரக்கத்தை ஒருநாள் உதவியிலிருந்து வேறுபடுத்துகின்றது. 1968-இல் கொடுக்கப்பட்ட இரண்டு தெனாரியத்தோடு இம்மக்களுக்குச் செய்ய வேண்டியது முடிந்துவிட்டதா?

நம் பங்குகளில் இவர்கள் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் அமர்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அவர்களுள் சிலருடைய இறந்தோருக்கு இம்மலையில் கல்லறை இல்லை. அவர்களின் பெயரைக் கேட்டு, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில், எவ்வாறு இறந்தார்கள் என்று பதிந்து, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளான நவம்பர் 2 அன்று திருப்பலியில் அப்பெயர்களை வாசிக்கும் வழக்கத்தை ஒவ்வொரு பங்கும் தொடங்கலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கேட்கும் பொறுமை வேண்டும். சொல்ல விரும்பாதவரைச் சொல்லவும், மன்னிக்க இன்னும் இயலாதவரை மன்னிக்கவும் வற்புறுத்தாத பணிவும் வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று மறைந்தார். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியவிலும் குண்டு வெடித்து அன்றோடு ஆறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அந்நாளையொட்டி, 2019-இல் மாண்ட 167 கத்தோலிக்கரின் பெயர்கள் நம்பிக்கையின் சாட்சிகளுடைய பட்டியலில் வத்திக்கானால் சேர்க்கப்பட்ட செய்தியை இலங்கைத் திருச்சபை அறிவித்தது. ஒவ்வொரு பெயராக எழுதப்பட்ட பட்டியல் அது. ‘பலியான உயிர்கள்’ என்னும் பொதுச்சொல்லிலிருந்து அவர்கள் மீட்கப்பட்டார்கள்.

அவலாஞ்சியின் சரிவில் மாண்டவர்க்காக மழையிடம் யாரும் கணக்குக் கேட்க இயலாது. அங்கே நம் இரக்கம் கண்ணீரோடும் உணவுப் பொட்டலத்தோடும் நிறைவு பெறலாம். மனிதக் கைகள் செய்த அழிவின் முன் அது போதாது. காயினிடம் கேட்கப்பட்ட வினாவை, எவர் கைகளாயினும், நாமும் கேட்க வேண்டும்; கேட்டபின் காயினின் உயிரையும் காக்க வேண்டும். இவ்விரண்டுள் ஒன்றை மட்டும் செய்து நிறுத்திக்கொள்ளும் உரிமை நமக்குத் தரப்படவில்லை.